வெளிச்சத்தைக் குறைக்கும் வித்தை

குண்டு பல்புகள் நம்மை ஆண்ட காலத்தில், வசதி படைத்தவர்களின் கூடங்களிலும் நாடக மேடைகளிலும் சினிமாக் கொட்டகைகளிலும், சுவரில் பொருத்திய ஒரு குமிழைத் திருகினால் வெளிச்சம் படிப்படியாக இறங்கி, வெண்மை பொன்னிறமாகி, பொன்னிறம் செம்மையாகி, கடைசியில் இழை மட்டும் சிவந்து கனன்று அடங்குவதைக் கண்டு களித்தவர்கள், அதே குமிழில் இன்று ஓர் எல்.இ.டி. விளக்கை இணைத்துத் திருகிப் பார்த்தால் அடையும் ஏமாற்றம் சாமானியமானதல்ல. பாதித் தூரம் வரை யாதொரு மாறுதலும் தெரியாது. பிறகு விளக்கு சிமிட்டத் தொடங்கும். சில விளக்குகள் மெல்ல ரீங்காரமும் செய்யும். இன்னும் சற்றுத் திருகினால், மங்குவதற்கு அவகாசமே கொடாமல் திடீரென்று அணைந்து போகும். கடைக்காரரிடம் முறையிட்டால், "இது டிம்மருக்கு ஆகாதுங்க, சாதா பல்பு" என்று ஒரே வாக்கியத்தில் வழக்கை முடித்துவிடுவார். அவர் சொல்வது மெய்தான். ஆனால் ஏன் ஆகாது, ஆகும்படி செய்ய மார்க்கம் உண்டா, உண்டெனில் அந்த மார்க்கங்களில் எது மனிதக் கண்ணுக்கு உகந்தது என்னும் கேள்விகளை, இவ்விளக்குகளைக் கோடிக்கணக்கில் வாங்கி மாட்டிய நம் தேசம் இதுகாறும் உரத்துக் கேட்கவில்லை என்பதே என் குறை.

எல்.இ.டி.யின் சுபாவத்தை முதலில் தெரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். குண்டு பல்பின் இழை சாதுவானது. மின்னழுத்தம் சற்று ஏறினால் மின்னோட்டமும் சற்றே ஏறும். அதுவும் இழை சூடேறச் சூடேற அதன் தடை அதிகரித்து, தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும். எல்.இ.டி.யோ இதற்கு நேர்விரோதமான குணமுடையது. நாம் வெண்ணிற விளக்கு என்று வாங்குவது உண்மையில் நீல ஒளியை உமிழும் ஒரு சிறு படிகம்; அதன் மேல் பூசியுள்ள மஞ்சள் பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகின்றன. (அந்த நீலத்தை வசப்படுத்தியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகாமுரா என்னும் மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.) அந்தப் படிகம் ஏறக்குறைய 3 வோல்ட் வரும் வரை பெரும்பாலும் உறங்கிக் கிடந்து, விழித்தெழுந்த பின்னரோ ஒரு வோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு கூடினாலே மின்னோட்டத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக இழுத்துக்கொள்ளும்; சூடேறினால் அதற்கு வேண்டிய மின்னழுத்தம் இன்னும் குறையும்; ஆகவே மின்னழுத்தத்தை மாறாமல் நிறுத்தி வைத்தால், சூட்டினால் மின்னோட்டமும் மின்னோட்டத்தினால் சூடுமாக ஒன்றையொன்று வளர்த்து, முடிவில் படிகமே கருகிப்போகும். இதற்கு அளந்து கொடுக்க வேண்டியது மின்னழுத்தமல்ல, மின்னோட்டம். அவ்வாறு அளந்து கொடுக்கும் காவல்காரனைத்தான் தொழிலில் உள்ளவர்கள் டிரைவர் என்கிறார்கள்.

இந்தக் காவல்காரனுடைய விசுவாசமே வெளிச்சத்தைக் குறைக்க விரும்புகிறவனுக்குத் தடையாக வந்து நிற்கிறது. மாலை நேரத்தில் மோட்டார்களும் ஏ.சி.களும் ஓடத் தொடங்கியதும் லோ வோல்டேஜ் வந்து டியூப்லைட் எரியாமல் ஸ்டார்ட்டர் மட்டும் துடித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தை அறிந்த நமக்கு, 100 வோல்ட் வந்தாலும் 300 வோல்ட் வந்தாலும் ஒரே வெளிச்சம் தரும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாசகம் பெரிய வரப்பிரசாதமாகத் தோன்றியது நியாயமே. ஆனால் சுவர்க் குமிழ் செய்வது என்ன? உள்ளே வரும் மின்சாரத்தைக் குறைக்கிறது. டிரைவர் செய்வது என்ன? உள்ளே எவ்வளவு குறைந்து வந்தாலும், கூடுதலாக இழுத்தாவது, வெளியே கொடுக்கும் மின்னோட்டத்தைக் குறையாமல் காக்கிறது. குறை என்று நாம் ஆணையிடுவதை, ஊரில் வோல்டேஜ் இறங்கிவிட்டது என்று அது புரிந்துகொண்டு, முன்னிலும் அதிக சிரத்தையோடு தன் கடமையைச் செய்கிறது. ஆகவே வெளிச்சத்தைக் குறைக்கும் ஆணை மின்சாரம் வரும் கம்பியின் வழியாக அல்லாமல், டிரைவரின் காதிலேயே நேராக விழும்படி தனியாகச் செல்ல வேண்டும்; இந்த ஒரு தத்துவத்தை நம் வீட்டு எலக்ட்ரீஷியன்களும் கட்டிடக் கலைஞர்களும் மனத்தில் இருத்திக்கொண்டால், பாதித் தொல்லை ஒழிந்துவிடும்.

சுவர்க் குமிழைக் குறை சொல்வதற்கில்லை. 1959இல் நியூயார்க் நகரில் ஜோயல் ஸ்பைரா என்பவர் வீட்டுச் சுவருக்குள் அடங்கும்படியான டிம்மரைக் கண்டுபிடித்தபோது, அவர் எதிரே இருந்தது குண்டு பல்பு ஒன்றுதான். அதற்கு முன் நாடக அரங்குகளில் மின்சாரத்தின் ஒரு பகுதியைத் தடைகளில் சூடாக்கி வீணடித்து வெளிச்சத்தைக் குறைத்துவந்தார்கள். புதிய டிம்மரோ மாறுமின்னோட்டத்தின் ஒவ்வோர் அலையிலும் ஒரு துண்டை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பியது. இழை தன் சூட்டின் பலத்தால் அந்த இடைவெளிகளைப் பொருட்படுத்தாமல் எரிந்தது. அந்த வெட்டும் வேலையைச் செய்யும் ட்ரையாக் என்னும் உறுப்புக்கு ஒரு விசித்திரம் உண்டு: தன் வழியே குறைந்தபட்சம் இவ்வளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது திறந்து நிற்கும். 60 வாட் குண்டு பல்பு இழுப்பது கால் ஆம்பியருக்குச் சற்று மேல். 9 வாட் எல்.இ.டி. இழுப்பதோ அதில் ஆறில் ஒரு பங்கு. ட்ரையாக் திறப்பதும் மூடுவதுமாகத் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றமே நாம் காணும் சிமிட்டல். 'டிம்மபிள்' என்று எழுதி அதிக விலைக்கு விற்கப்படும் பல்புகள், அலை எந்த இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கவனித்து, அதையே ஆணையாக மொழிபெயர்த்துக்கொள்கின்றன. ட்ரையாக் மூடிவிடாதிருக்க, கொஞ்சம் மின்சாரத்தை வேண்டுமென்றே வீணாகவும் ஓட்டுகின்றன. பழைய பரிச்சயத்துக்காகச் செய்யும் சமாதானம் இது. புதிதாக வீடு கட்டுகிறவன் இதை நாட வேண்டிய அவசியமே இல்லை.

ஆணை டிரைவரைச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை நிறைவேற்ற அதற்கு இரண்டே உபாயங்கள் உண்டு. மின்னோட்டத்தையே பாதியாகவோ காலாகவோ குறைத்து, குறைந்த அளவில் இடையறாமல் ஓடச் செய்வது ஒன்று. மின்னோட்டத்தின் அளவைத் தொடாமல், அதை வினாடிக்கு நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான முறை முற்றிலும் நிறுத்தியும் முற்றிலும் விட்டும், விடுகிற நேரத்தைக் குறைப்பது மற்றொன்று. பூஜையில் எண்ணெயைத் தைலதாரையாக மெல்லியதாய் ஒழுக விடுவதற்கும், அதே அளவு எண்ணெயைப் பெரிய சொட்டுகளாக விட்டுவிட்டு விழச் செய்வதற்கும் உள்ள பேதமே இவ்விரண்டுக்கும் உள்ள பேதம். கிண்ணத்தில் வந்து சேரும் எண்ணெய் இரண்டிலும் ஒன்றுதான். முதலாவதைத் தாரை முறை என்றும் இரண்டாவதைத் துடிப்பு முறை என்றும் இக்கட்டுரையில் அழைக்க வாசகர்கள் அனுமதிப்பார்களாக.

தாரை முறையின் குணதோஷங்களைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமானால், சென்னை ரிச்சி தெருவில் மாணவர்கள் வாங்கிச் செல்லும் பி.டி. 4115 என்னும் சில்லையே எடுத்துக்கொள்ளலாம். அரை சென்டிமீட்டரும் நீளமில்லாத அந்தச் சில்லுக்குப் பக்கத்தில் ஒரு காயில், ஒரு டயோடு, சிறிய தடை ஒன்று, இவ்வளவுதான் டிரைவர். எல்.இ.டி.க்குப் போகும் மின்னோட்டம் அந்தச் சிறு தடையின் வழியாகவே போகிறது. தடையின் இரு முனைகளுக்கிடையே 0.1 வோல்ட் நிற்கும்படி சில்லு எந்நேரமும் பார்த்துக்கொள்கிறது. தடை 0.33 ஓம் என்றால் மின்னோட்டம் 300 மில்லியாம்பியர். டிம் என்று பெயரிட்ட காலில் 0.5 முதல் 2.5 வோல்ட் வரை கொடுத்தால், அதற்குத் தக்கபடி அந்த 0.1 வோல்ட் குறைந்து, மின்னோட்டமும் குறைகிறது. வெளிச்சத்தில் துடிப்பு இல்லை, ஓசை இல்லை. மேலும் ஒரு லாபம்: எல்.இ.டி. மின்னோட்டம் குறையக் குறைய அதிகச் செம்மையாக உழைக்கும் இயல்புடையதாதலால், பாதி மின்னோட்டத்தில் பாதிக்கும் சற்று அதிகமான வெளிச்சம் கிடைக்கிறது. சூடும் தணிந்து ஆயுளும் நீள்கிறது.

இத்தனை நற்குணங்களுக்கும் எதிரே நிற்கும் குறை அடிமட்டத்தில் இருக்கிறது. முழு வெளிச்சத்தில் 100 மில்லிவோல்ட்டை அளக்க வேண்டியிருந்த சில்லு, பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் 10 மில்லிவோல்ட்டையும், நூற்றில் ஒரு பங்கில் 1 மில்லிவோல்ட்டையும் அளக்க வேண்டியிருக்கிறது. இத்தகைய மலிவான சில்லுகளின் அளக்கும் பகுதிக்குப் பிறவியிலேயே சில மில்லிவோல்ட் பிழை உண்டு. முழு வெளிச்சத்தில் எவர் கண்ணுக்கும் தெரியாத அந்தப் பிழை, அடிமட்டத்தில் விஸ்வரூபம் எடுக்கிறது. ஒரே கூடத்தில் ஒரே குமிழுக்குக் கட்டுப்பட்ட ஆறு விளக்குகளில் ஒன்று அணைந்தும், ஒன்று மினுங்கியும், ஒன்று தன் இஷ்டத்துக்குப் பிரகாசமாகவும் நிற்பதற்கு இதுவே காரணம். மின்னோட்டம் மாறினால் நீலப் படிகம் உமிழும் நிறமும் சற்று நகர்கிறது. வீட்டில் இது பொருட்டல்ல என்றாலும், அரக்குக்கும் மெரூனுக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல் வியாபாரம் நடக்கும் பட்டுப் புடவைக் கடையில் அதைப் பொருட்டல்ல என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அடிமட்டத்துப் பிழையை அற்பமென்று தள்ளிவிடலாமா? தள்ள முடியாமல் செய்வது நமது கண். ஒளி பாதியாகக் குறைந்தால் நமக்குப் பாதியாகத் தோன்றுவதில்லை. முக்காலுக்குச் சற்றுக் குறைவு என்றே படுகிறது. கால் பங்காகக் குறைந்தால்தான் பாதியாயிற்று என்ற உணர்வு பிறக்கிறது. பத்தில் ஒரு பங்கானாலும் இன்னும் மூன்றில் ஒரு பங்கு எஞ்சியிருப்பதாகக் கண் சாதிக்கிறது. டாலி என்னும் சர்வதேச விளக்குக் கட்டுப்பாட்டு முறையை வகுத்தவர்கள் இதை உத்தேசித்தே, ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து முழு வெளிச்சம் வரை 254 படிகளை அமைத்து, கீழே நெருக்கமாகவும் மேலே விலகலாகவும் வைத்தார்கள். நோயாளி உறங்கும் வார்டில் நர்ஸுக்கு வேண்டிய வெளிச்சம், நள்ளிரவில் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டிய வெளிச்சம், கொட்டகையில் படம் தொடங்குமுன் இறங்கும் வெளிச்சம் யாவும் அந்தக் கடைசிப் பத்தில் ஒரு பங்குக்குள்ளேதான் அடங்கியிருக்கின்றன. தாரை முறை கைவிடும் இடமும், மனிதன் விளக்கை மங்கச் செய்ய விரும்பும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டது.

துடிப்பு முறை அடியெடுத்து வைப்பது இங்கேதான். எல்.இ.டி. எரியும் நேரமெல்லாம் முழு மின்னோட்டத்தில் எரிவதால் நிறம் மாறுவதில்லை. அளக்க வேண்டியது எப்போதும் 100 மில்லிவோல்ட்டே ஆதலால் பிழையும் பெருகுவதில்லை. நூற்றில் ஒரு பங்கு வேண்டுமென்றால் நூற்றில் ஒரு பங்கு நேரம் எரியவிட்டால் போதும், நேரத்தைத் துல்லியமாகப் பங்கிடுவதோ எந்தச் சிறு சில்லுக்கும் கைவந்த கலை. இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் மோட்டார் வாகனங்களின் பின்விளக்கு முதல் கைபேசித் திரை வரை துடிப்பு முறை ஆட்சி செலுத்துகிறது. ஆனால் வினாடிக்கு எத்தனை துடிப்பு என்ற கேள்வியில்தான் சிக்கல். வினாடிக்கு 200 முறை என்றால் ஒரு துடிப்பின் காலம் 5 மில்லிவினாடி. அதில் நூற்றில் ஒரு பங்கு 50 மைக்ரோவினாடி. காயிலில் மின்னோட்டம் ஏறவும் இறங்கவும் அது தாராளமான அவகாசம். வினாடிக்கு 20,000 என்று வைத்தாலோ அந்த அவகாசம் அரை மைக்ரோவினாடியாகச் சுருங்கிவிடுகிறது. அதற்குள் டிரைவர் கண் விழிப்பதற்கே நேரமில்லை. (மின்னோட்டத்தை நிறுத்தாமல் ஓடவிட்டு, எல்.இ.டி.க்குக் குறுக்கே ஒரு டிரான்சிஸ்டரை வைத்து அதைப் பக்கவழியாகத் திருப்பிவிடும் வேகமான உபாயம் ஒன்றும் உண்டு. விலையும் சூடும் அதிகம்.) ஆகவே பொறியாளர்கள் தங்கள் சௌகரியத்தை உத்தேசித்துத் துடிப்பை மெதுவாக வைத்துக்கொண்டார்கள். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் டிரைவர்கள் பலவற்றின் விவரத்தாளில் 100 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையில் துடிப்பு கொடுக்கலாம் என்றிருப்பதன் ரகசியம் இதுவே. சில கைபேசித் திரைகள் 240 ஹெர்ட்ஸ் அளவிலேயே துடிக்கின்றன.

நூறு ஹெர்ட்ஸ் துடிப்பைக் கண் பார்ப்பதில்லை என்பது மெய். ஆனால் கண் பார்க்கவில்லை என்பதனாலேயே மூளைக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டுவது அவசரம். இங்கிலாந்தில் ஆர்னால்டு வில்கின்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 1989இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அலுவலகமொன்றின் டியூப்லைட்டுகளைப் பழைய சோக்கிலிருந்து உயர் அதிர்வெண் எலெக்ட்ரானிக் சோக்குக்கு மாற்றியதும், மாற்றியதை அறியாத ஊழியர்களிடையே தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழே குறைந்ததைக் கண்டார்கள். இங்கிலாந்தின் மின்சாரமும் நம்முடையது போல் 50 ஹெர்ட்ஸ். விளக்கு துடித்தது வினாடிக்கு 100 முறை. கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்கு இதன் இன்னொரு முகம் தெரிந்திருக்கும்: சோக் வைத்த டியூப்லைட்டின் கீழ் அசுர வேகத்தில் சுழலும் லேத் சில வேகங்களில் அசையாமல் நிற்பதாக மயக்கும், கை வைத்தால் கை போகும். அதனால்தான் அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு பேஸில் மாட்டும் வழக்கம் வந்தது. எல்.இ.டி.யோ டியூப்லைட்டைக் காட்டிலும் கொடியது. மின்னோட்டம் நின்றதும் அதன் பாஸ்பரின் ஒளி ஒரு மைக்ரோவினாடி கூடத் தங்குவதில்லை. குண்டு பல்பின் இழைக்கு இருந்த இளஞ்சூட்டுக் கருணை இதற்குக் கிடையாது. கண்ணைச் சட்டென்று ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திருப்பும்போது, ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட துடிப்பும் வரிசையான புள்ளிகளாகத் தெரியக்கூடும் என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. இரவு நெடுஞ்சாலையில் முன்னே போகும் காரின் சிவப்பு விளக்கு முத்துக்கோவையாகச் சிதறுவதைக் கண்டவர்களுக்கு இதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஐ ட்ரிபிள் ஈ என்னும் சர்வதேசப் பொறியாளர் சங்கம் 2015இல் 1789 என்ற எண்ணுடன் வெளியிட்ட பரிந்துரை, இந்தச் சர்ச்சைக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்தது. 100 ஹெர்ட்ஸில் வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வு 8 சதவிகிதத்துக்குள் இருந்தால் அபாயம் குறைவு. 3 சதவிகிதத்துக்குச் சற்று மேல் வரை இருந்தால் யாதொரு விளைவும் இல்லை. முற்றிலும் நின்று முற்றிலும் எரியும் துடிப்பு முறைக்கு ஏற்றத்தாழ்வு எப்போதும் 100 சதவிகிதம்; அதற்கு அபாயம் குறைய 1250 ஹெர்ட்ஸும், அபாயமே இல்லாதிருக்க 3000 ஹெர்ட்ஸும் வேண்டும். என் அபிப்பிராயம் இதிலிருந்தே பிறக்கிறது. முழு வெளிச்சத்திலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை தாரை முறையிலேயே இறங்கட்டும். அதற்குக் கீழே, குறைந்துபோன அந்த மின்னோட்டத்தை 3000 ஹெர்ட்ஸுக்குக் குறையாத துடிப்பினால் மேலும் இறக்கட்டும். தாரை தடுமாறும் இடத்துக்கு அது போகவே வேண்டாம். துடிப்பும் நூற்றில் ஒரு பங்கு நேரத்துக்குச் சுருங்க வேண்டியதில்லை, பத்தில் ஒரு பங்கே போதும். இது நான் கண்டுபிடித்த விஷயமன்று; கலப்பு முறை என்ற பெயரில் நல்ல டிரைவர்களைச் செய்கிறவர்கள் கையாள்வதுதான். அது ஏன் விலையுயர்ந்த ஓட்டல்களிலும் ஸ்டூடியோக்களிலும் மட்டும் குடியிருக்கிறது என்பதே கேள்வி.

"நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களில் யார் ஐயா விளக்கை மங்க வைக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். எல்லாரும்தான். ஜீரோ வாட் பல்பு என்ற பெயரில், மெய்யாகப் பத்துப் பதினைந்து வாட் மின்சாரத்தைத் தின்றுகொண்டு, பச்சையிலும் நீலத்திலும் சிவப்பிலும் நம் படுக்கையறைகளிலும் பூஜையறைகளிலும் எரிந்துவந்த அந்தச் சிறு விளக்கு எதற்காக வந்தது? மங்கிய ஒளி வேண்டும் என்ற தேவை ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. பெரிய விளக்கைக் குறைக்க வகையில்லாததால் சிறிய விளக்கு ஒன்றைத் தனியாக மாட்டிக்கொண்டோம். இப்போது சில கம்பெனிகள், சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால் பாதியாகவும் மறுமுறை அணைத்துப் போட்டால் பத்தில் ஒரு பங்காகவும் இறங்கும் பல்புகளை விற்கின்றன. எத்தனை முறை அணைந்தது என்பதை டிரைவர் எண்ணி ஆணையாக எடுத்துக்கொள்கிறது; புதிய வயர் வேண்டாம், டிம்மர் வேண்டாம், சுவரை உடைக்க வேண்டாம். வாடகை வீட்டுக்காரனுக்கு இதைவிட உத்தமமான யுக்தி எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கில் அது தாரையாக எரிகிறதா, துடித்து எரிகிறதா என்பதைப் பெட்டியின் எந்தப் பக்கத்தில் தேடினாலும் காண முடிவதில்லை.

தெருவிளக்குகளின் கதை வேறு. நள்ளிரவுக்குப் பின் மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் ஒன்றுவிட்டொரு விளக்கை அணைப்பது நமது நகராட்சிகளின் பழைய வழக்கம். வெளிச்சத்திலிருந்து இருளுக்கும் இருளிலிருந்து வெளிச்சத்துக்கும் மாறி மாறிப் போகும் சைக்கிள்காரனுக்கு, எங்கும் ஒரே சீராக மங்கிய தெருவைக் காட்டிலும் இது அபாயகரமானது. எல்லா விளக்குகளையும் தாரை முறையில் பாதியாக இறக்கினால் அதே மிச்சமும் கிடைக்கும், மேற்சொன்ன காரணத்தால் சற்றுக் கூடுதல் வெளிச்சமும் கிடைக்கும், விளக்கின் ஆயுளும் வளரும். இதற்கு வேண்டியது 0 முதல் 10 வோல்ட் வரை ஓர் ஆணையை ஏற்கும் டிரைவர். டெண்டரில் ஒரு வரி. சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பருவத்தில் கரையோர விளக்குகளை அணைக்கச் சொல்லி ஆமைக் காவலர்கள் ஆண்டுதோறும் கேட்பதும், நடைபயில வருகிறவர்கள் ஆட்சேபிப்பதும் நடந்துவருகிறது. கடலின் பக்கம் ஒளி விழாதபடி மறைத்து, நிறத்தை வெதுவெதுப்பாக்கி, அளவையும் இறக்கினால் இருவருக்கும் பொதுவாக ஒரு வழி பிறக்கலாம். மங்கச் செய்வது மட்டுமே ஆமைக்குப் போதும் என்று நான் சொல்லமாட்டேன்.

விலை ஏறிவிடும் என்பது கடைசி ஆட்சேபம். மத்திய சர்க்காரின் உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கி 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகளை விநியோகித்தது. மொத்தமாகக் கொள்முதல் செய்ததனாலேயே 2014இல் 310 ரூபாயாக இருந்த பல்பின் கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. இவ்வளவு பெரிய வாங்குவோன் கேட்டால் எதுதான் மலியாது? நாம் கேட்டதெல்லாம் வாட் குறைவு. பெட்டியின் மேல் உள்ள நட்சத்திரங்களும் ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென் என்பதைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. ஒளி நடுங்காமல் நிற்கிறதா என்பதற்கு அவற்றில் இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 செப்டம்பர் முதல் விளக்குகளின் துடிப்புக்குச் சட்டப்படி எல்லை வகுத்து, 2024 செப்டம்பரில் அதை மேலும் இறுக்கியிருக்கிறது. ஆனால் அந்தச் சட்டமும் முழு வெளிச்சத்தில்தான் விளக்கைப் பரீட்சை செய்கிறது. மங்கிய நிலையில், அதாவது துடிப்பு தலைகாட்டும் நிலையில், பரீட்சையே கிடையாது. நாம் ஐரோப்பாவைப் பின்பற்றுவதானால் அந்த ஓட்டையையும் சேர்த்துப் பின்பற்ற வேண்டியதில்லை. முழு வெளிச்சத்திலும் பத்தில் ஒரு பங்கிலுமாக இரண்டு இடங்களில் துடிப்பின் அளவையும் அதிர்வெண்ணையும் அளந்து, பெட்டியில் லூமெனுக்கு அருகே அச்சிட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் விதித்தால் போதும். எந்த முறையைக் கையாளுவது என்பதைத் தயாரிப்பாளர்களின் சாமர்த்தியத்துக்கே விட்டுவிடலாம்.

அந்த விதி வரும் வரை, கையிலுள்ள கைபேசியே பரீட்சைக் கருவி. கடையில் விளக்கை மாட்டிக் காட்டச் சொல்லி, கைபேசியின் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து, முதலில் முழு வெளிச்சத்திலும் பிறகு மிகக் குறைந்த வெளிச்சத்திலும் விளக்கைப் படமெடுத்துப் பாருங்கள். படம் சீராக இருந்தால் மெதுவான துடிப்பு இல்லை என்று கொள்ளலாம்; மிக வேகமான துடிப்பு கேமராவுக்கு அகப்படாமல் போகலாம், அது கண்ணுக்கும் அநேகமாகத் தொந்தரவு கொடுப்பதில்லை. கருப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடினாலோ, விளக்கு விட்டுவிட்டு எரிவதாகத் தெரிந்தாலோ, படிக்கும் மேஜைக்கும் படுக்கையறைக்கும் அதை வாங்க வேண்டாம். விலை மலிவாக இருக்கும் பட்சத்தில் மாடிப்படிக்கு மாட்டிக்கொள்ளலாம்.